பத்து நாள் ஆங்கில வகுப்பு: ஏழு வருடம் திட்டம் போட்டதில்

பள்ளி விடுமுறையில் 12 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்குப் பத்து நாள், தினமும் 3 மணி நேரம் ஆங்கில வகுப்பு. ஏழு வருடமாகத் திட்டம் போடுவது நான்தான். முதல் வருடத்திலிருந்தே கையில் இருப்பது மொழித்திறனை நிலை நிலையாகப் பிரித்துக் காட்டும் சி.இ.எஃப்.ஆர். அட்டவணை. ஐரோப்பிய மன்றம் 2001இல் வெளியிட்டது. ஏ1 முதல் சி2 வரை 6 நிலைகள், ஒவ்வொரு நிலைக்கும் 'என்னால் இதைச் செய்ய முடியும்' என்ற பாணியில் வாக்கியங்கள்.

முதல் இரண்டு வருடம் அதைத் தப்பாகத்தான் பயன்படுத்தினேன். ஏ2வில் சேர்ந்தால் பி1இல் வெளியே வரலாம் என்று பெற்றோரிடம் சொல்லிவிட்டேன். அப்புறம்தான் கணக்குப் பார்த்தேன். கேம்பிரிட்ஜ் தேர்வு அமைப்பின் தோராயக் கணக்குப்படி ஏ2வை எட்ட 180 முதல் 200 மணி நேரம், பி1க்கு 350 முதல் 400 மணி நேரம் பயிற்சி தேவை. என்னிடம் இருப்பதோ மொத்தமே 30. யானைப் பசிக்குச் சோளப்பொரி! இப்போது அட்டவணையிலிருந்து மூன்றே வாக்கியங்களை எடுத்துக்கொண்டு, பத்து நாளையும் அவற்றுக்கே கொடுக்கிறேன். 11 முதல் 15 வயதினருக்கெனத் தொகுத்த வாக்கியங்கள் 2018இல் வந்தபின் தேர்ந்தெடுப்பது சுலபமாகிவிட்டது.

சேர்க்கைக்கு வைத்த இலக்கணத் தேர்வையும் விட்டுவிட்டேன். அதில் முதலிடம் வந்த பிள்ளை மூன்று நாள் வாயே திறக்கவில்லை. இப்போது ஆளுக்கு ஐந்து நிமிடப் பேச்சு, அவ்வளவுதான்.

நான் கைவிடாமல் வைத்திருப்பது மொழி கற்பித்தல் ஆய்வாளர் பால் நேஷன் பரவலாக்கிய 4/3/2 பேச்சுப் பயிற்சி. ஒரே விஷயத்தை ஒருவரிடம் 4 நிமிடம், வேறொருவரிடம் 3 நிமிடம், மூன்றாமவரிடம் 2 நிமிடம் சொல்ல வேண்டும். கேட்பவர் மாறுவதால் திரும்பச் சொல்வது சலிப்பதில்லை. என்ன சொல்வது என்ற யோசனை முதல் சுற்றிலேயே முடிந்துவிடுவதால் அடுத்த சுற்றுகளில் நாக்கு லேசாகிறது. ஒரு குறை உண்டு: சில பிள்ளைகள் கடைசிச் சுற்றில் பாதியை விழுங்கிவிட்டு ஓடுவார்கள். கேட்பவர் கையில் மூன்று கேள்விகள் எழுதிய சீட்டைக் கொடுத்தேன். பதில் கிடைக்காவிட்டால் அவர் விடமாட்டார்.

செயல்திட்டத்தில்தான் அதிகம் அடிபட்டேன். வகுப்புப் பத்திரிகை போடச் சொன்னால், தமிழில் எழுதிக் கைப்பேசியில் மொழிபெயர்த்து ஒட்டிவிட்டார்கள். அதனால் நேர்காணல் ஒலிப்பதிவுக்கு மாறினேன். குழுவுக்கு நான்கு பேர். விடுமுறையாச்சே, நடுவில் இரண்டு நாள் யாராவது ஊருக்குப் போய்விடுவார்கள். ஒருவர் வராவிட்டாலும் வேலை நிற்கக் கூடாது. அதே காரணத்தால் ஒவ்வொரு நாள் பாடமும் அன்றைக்கே முடிந்துவிடும்.

சான்றிதழில் நிலையைப் போடச் சொல்லிப் பெற்றோர் இன்னமும் கேட்கிறார்கள். 'முன்பின் தெரியாதவரிடம் ஐந்து கேள்வி கேட்டுப் பதிலைச் சுருக்கிச் சொல்வார்' என்று எழுதிக் கொடுக்கிறேன். சிலருக்கு முகம் சுருங்கும். சரி, பரவாயில்லை.

கடைசி நாள் மேடை நிகழ்ச்சியைப் போன வருடம் நிறுத்திவிட்டேன். ஒத்திகையே இரண்டு நாளைத் தின்றது. அந்த நேரத்தில் முதல் நாள் பேச்சின் பதிவையும் ஒன்பதாம் நாள் பதிவையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டினேன். பழைய குரலைக் கேட்டு அவர்களே சிரித்துவிட்டார்கள்.