ஓர் ஆணி, ஐந்து ஓட்டை, ஒரு பாட்டில் சீலண்ட்

போன மாதம் ஒரு நாள் காலை, பின் டயரின் நடுவில் ஓர் ஆணித் தலை பளபளத்தது. டியூப்லெஸ் டயர். காற்றழுத்தம் வழக்கமாக 33 பி.எஸ்.ஐ. வைப்பேன், அளந்தபோது 27 காட்டியது. ஆணியைப் பிடுங்காமல் மெதுவாக ஓட்டிக்கொண்டு வழியில் கண்ட பஞ்சர் கடைக்குப் போனேன். அதுவரை செய்தது எல்லாம் சரிதான். வண்டியை ஸ்டாண்டில் போட்ட நேரம் பார்த்து ஒரு போன் வந்தது. பேசிக்கொண்டே பத்தடி தள்ளிப் போனேன். அங்கேதான் கோட்டை விட்டேன்.

திரும்பி வந்தால் டயர் முழுக்கச் சோப்பு நுரை. “ஒண்ணு இல்ல சார், அஞ்சு பஞ்சர். நல்லவேளை இங்க வந்தீங்க” என்றார் கடைக்காரர். சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி ஒவ்வோர் இடமாகக் காட்டினார். பொய்யில்லை, ஐந்து இடத்திலும் குமிழ் வந்தது. ஓட்டைக்கு இவ்வளவு என்று கணக்கு. நான் தலையாட்டினேன். ஓட்டைக்குள் செருகி அடைக்கிற ரப்பர் திரி, அதுதான் ஸ்ட்ரிப், ஐந்து இறங்கியது. காசை எடுப்பதற்குள் வால்வு பின்னைக் கழற்றி, ஒரு பாட்டில் சீலண்ட்டையும், அதாவது ஓட்டையை உள்ளிருந்தே அடைக்கும் பச்சைத் திரவத்தையும், உள்ளே விட்டுவிட்டார். கேட்கவே இல்லை. “இதை ஊத்திட்டா டயர் தேயுற வரைக்கும் பஞ்சர் கவலையே கிடையாது சார்.” அதற்கும் தனியாகக் காசு வாங்கினார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் மண்டையில் உறைத்தது. ஆணி குத்திய இடத்தில் ஆணியே அடைப்பாக இருக்கும். காற்று மெல்லக் கசியும், பிடுங்கினால்தான் ‘புஸ்’ஸென்று போகும். என் டயரில் இருந்தது ஒரே ஆணி. மற்ற நான்கும் திறந்த ஓட்டைகள் என்றால், அந்த டயர் இரவு முழுக்க நின்று காலையில் 27 பி.எஸ்.ஐ. எப்படிக் காட்டும்? கடை வரைக்கும்தான் எப்படி உருண்டு வரும்? பொடி முள் குத்தினால் மெதுவாகக் கசிவது உண்டு. ஆனால் நுரையைத் தள்ளிக்கொண்டு குமிழ் விடும் ஓட்டை நான்கு இருந்தால் அந்த டயர் எப்போதோ தரையோடு படுத்திருக்கும்.

கடைக்காரர் கையில் ஊசி இருந்ததையோ, அவரே குத்தியதையோ நான் பார்க்கவில்லை. அதனால் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் பத்து நாளில் ஓரத்தில் போட்ட ஒரு ஸ்ட்ரிப் வழியாகப் பச்சைத் திரவம் கசிய ஆரம்பித்தது. வேறொரு மெக்கானிக்கிடம் போய் டயரை ரிம்மிலிருந்து கழற்றச் சொன்னேன். அவர் உள்பக்கத்தைத் துடைத்துக் காட்டினார். ஆணி போன இடம் சாய்வாக, துருக்கறையோடு இருந்தது. மற்ற நான்கும் நேராக, நான்கும் ஒரே மாதிரி. சாலையில் கிடக்கிற கம்பியும் கண்ணாடியும் அவ்வளவு ஒழுங்காகக் குத்துமா என்ன?

அதில் ஒன்று, பட்டன் எனப்படும் வரிவரியான மேல்பகுதி முடிந்து பக்கச்சுவர் தொடங்கும் இடத்தில் இருந்தது. ஓடும்போது டயர் மடங்கி விரிவது அந்தப் பகுதியில்தான், அங்கே எந்த ஒட்டும் நிற்காது. ஒட்டுப் போடுவதெல்லாம் தரையில் படும் பட்டன் பகுதியில், அதுவும் சுமார் 6 மி.மீ. வரையான ஓட்டைக்குத்தான். பாதித் தேய்மானம்கூட ஆகாத டயரைத் தூக்கிப் போட்டேன்.

ஸ்ட்ரிப் போடுவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. நடுவழியில் அதைவிட உதவி எதுவும் கிடையாது. ஆனால் அதைச் செருகும் முன் அரம் போன்ற கம்பியால் ஓட்டையைக் குடைந்து பெரிதாக்குகிறார்கள், உள்ளே இழைகள் அறுந்திருக்கின்றனவா என்று வெளியிலிருந்து தெரியாது. வீடு போய்ச் சேர்ந்ததும் டயரைக் கழற்றிப் பார்த்து, உள்ளேயிருந்து காளான் வடிவப் பேட்ச் போடுவதுதான் முழுமையான வேலை. இதெல்லாம் டியூப்லெஸ்ஸுக்கு. டியூப் உள்ள டயரில் ஸ்ட்ரிப் செருக வந்தால் கையைப் பிடித்து நிறுத்துங்கள், ஓட்டை இருப்பது டியூபில்.

சீலண்ட்டும் அவசரத்துக்குக் கைகொடுக்கும் பொருள்தான். எனக்கு அதில் பிடிக்காதது, அது ஆணியை மறைத்துவிடுவது. காற்று இறங்காததால் ஆணி குத்தியதே தெரியாமல் அதோடு நாள்கணக்கில் ஓட்டுவோம். அது டயருக்குள் சுற்றிக்கொண்டிருக்கும்போதுதான் வேலை செய்யும். வண்டி நின்றால் அடியில் தேங்கிவிடும், கிளப்பியதும் கொஞ்ச தூரம் சீட்டில் ஓர் உதறல். போகப்போகக் காய்ந்து கட்டியாகும், வால்வையும் அடைக்கும். பக்கச்சுவர் கிழிசலுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

இப்போதெல்லாம் கடையில் வண்டியை விட்டால் டயர் பக்கத்திலேயே நிற்கிறேன், போன் அடித்தால் அடிக்கட்டும். முதலில் ஆணியைப் பிடுங்கி அந்த ஓட்டையை மட்டும் அடைக்கச் சொல்கிறேன். பிறகு காற்றடித்து, நானே தண்ணீர் ஊற்றிப் பார்க்கிறேன். கெட்டி நுரை வேண்டாம், நீர்த்த சோப்புத் தண்ணீர் போதும். நுரையில் எல்லா இடமும் குமிழாகத்தான் தெரியும். உண்மையான கசிவு என்றால், துடைத்த பிறகும் அதே இடத்தில் குமிழ் திரும்பத் திரும்ப முளைக்கும். இன்னோர் ஓட்டை என்று காட்டினால், “குத்தின பொருள் எங்கே?” என்று கேளுங்கள்.

ஏற்கெனவே சீலண்ட் ஊற்றிய டயர் என்றால், வால்வைத் தொடும் முன்பே மெக்கானிக்கிடம் சொல்லிவிடுங்கள். டயரைக் கழற்றிக் காட்டிய அந்த மெக்கானிக்கிடம் நான் சொல்ல மறந்துவிட்டேன். வால்வு கீழ்ப்பக்கம் இருந்தது. பின்னைத் திருகியதும் சீறிக்கொண்டு வந்த பச்சைத் தண்ணீர் பாவம் அந்த மனுஷன் சட்டை முழுக்க.