பாஸ்டன் தேநீர்க் கிளர்ச்சி அருங்காட்சியகம்: ஒரு தேயிலை வியாபாரியின் பார்வையில்

குன்னூர் ஏலத்தில் தேயிலை எடுத்து விற்பது என் தொழில். பாஸ்டனில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, காங்கிரஸ் தெருப் பாலத்தை ஒட்டியுள்ள இந்த அருங்காட்சியகத்தை ஆசையாகப் பார்த்துவந்தேன். அமெரிக்கா பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த 1773இல், பாஸ்டன் மக்கள் துறைமுகத்தில் நின்ற கப்பல்களில் ஏறி, தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டியதுதான் தேநீர்க் கிளர்ச்சி. டிக்கெட்டை நேரம் குறித்து இணையத்திலேயே வாங்கிவிடுவது நல்லது.

அதற்கு முன் ஊர் சுற்றிக்காட்டிய வழிகாட்டி ஒருவர், வரியால் டீ விலை ஏறியதும் மக்கள் கொதித்தெழுந்தார்கள் என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. நடந்தது நேர்மாறு. லண்டன் கிடங்குகளில் சரக்கு தேங்கி, கடனில் தத்தளித்த கிழக்கிந்தியக் கம்பெனியைக் காப்பாற்ற 1773இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் தேயிலைச் சட்டம் போட்டது. கம்பெனி நேரடியாக அமெரிக்காவுக்கு அனுப்பலாம் என்றானதும் விலை இறங்கியது. ஆனால், பவுண்டு எடைக்கு 3 பென்ஸ் வரி மட்டும் அப்படியே நின்றது. பாஸ்டன் இருக்கும் மாசசூசெட்ஸ் பகுதியின் கவர்னருக்குச் சம்பளம் அந்த வரிப்பணத்திலிருந்து வந்ததால், உள்ளூர்ச் சட்டமன்றத்துக்கு அவர்மீது இருந்த பிடி தளர்ந்தது. தங்கள் பிரதிநிதி ஒருவர்கூட இல்லாத பிரிட்டிஷ் நாடாளுமன்றம் விதித்த வரியை, மலிவுக்கு ஆசைப்பட்டு ஒருமுறை கட்டிவிட்டால் பிறகு எதற்கும் வாய் திறக்க முடியாது. கோபம் அதில்தான். விற்பனை உரிமையும் வேண்டியவர்களுக்கே போயிற்று. கவர்னர் ஹட்சின்சனின் இரண்டு மகன்களும் அதில் உண்டு. ஏஜென்சி கைமாறினால் வியாபாரிக்கு வயிறு எப்படி எரியும் என்பது எனக்குத் தெரியும்.

இங்கே இதைப் பழங்கால உடையணிந்த நடிகர்கள் கூட்டம் நடத்தி, வாதாடிக் காட்டுகிறார்கள். கப்பல் மேல்தளத்தில் கயிறு கட்டிய பெட்டிகளை நாமே தண்ணீரில் தள்ளலாம், பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்.

நான் நகர மனமில்லாமல் நின்றது ராபின்சன் பெட்டி முன்னால். கிளர்ச்சி நடந்த இரவில் கடலில் கொட்டியவை 340 பெட்டிகளுக்கு மேல். மிஞ்சியதாக அறியப்பட்ட இரண்டில் இது ஒன்று. மறுநாள் காலை கரையில் ராபின்சன் என்ற சிறுவன் கண்டெடுக்க, அவன் குடும்பம் தலைமுறைகளாகப் பாதுகாத்திருக்கிறது. இரு கைகளால் அணைத்துத் தூக்கிவிடலாம், அவ்வளவு சிறிய மரப்பெட்டி.

தேநீர் அறையை விட்டுவிடாதீர்கள். போஹி, காங்கோ, சூச்சாங், சிங்லோ, ஹைசன் என அன்று கப்பலில் இருந்த ஐந்து வகைகளையும் ருசிக்கலாம். எல்லாம் சீனத் தேயிலை; இந்தியாவில் அப்போது தேயிலைத் தோட்டமே கிடையாது. கொட்டியதில் பெரும்பகுதி போஹி. என் நாக்குக்குப் பிடித்தது ஹைசன். பால் சேர்க்காமல் குடியுங்கள்.

நடிகர்களிடம் தயங்காமல் கேள்வி கேளுங்கள். "சரக்கைத் திருப்பி அனுப்பியிருக்கலாமே?" என்றேன். நடிகை ஒருவர் தன் பாத்திரத்தை விட்டு இறங்காமலே விளக்கினார்: வரி கட்டாமல் கப்பல் வெளியேற கவர்னர் அனுமதி தரவில்லை; வந்து இருபது நாளில் வரி கட்டாவிட்டால் சுங்கத்துறை சரக்கைக் கைப்பற்றிவிடும். முதலில் வந்த டார்ட்மவுத் கப்பலுக்குக் கெடு டிசம்பர் 17. கிளர்ச்சிக்காரர்கள் கப்பலேறியது 16ஆம் தேதி இரவு.