மலையிலிருந்து கப்பலுக்கு: சென்னையா, கொச்சியா, சிங்கப்பூரா?

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூரிலிருந்து கப்பல் சுற்றுலா கிளம்புகிறவர்கள் முதலில் கப்பலைப் பார்க்கிறார்கள், பிறகு விலையை. துறைமுகத்துக்கு எப்படிப் போய்ச் சேர்வது என்பது கடைசியில்தான் நினைவுக்கு வருகிறது. மலையில் குடியிருப்பவர்களுக்கு இந்த வரிசை ஆகாது. விமானத்தைத் தவறவிட்டால் அடுத்த விமானம் உண்டு. கப்பல் நகர்ந்துவிட்டால் கட்டணம் முழுவதும் போய்விடும். பயணிகள் பட்டியலைப் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே, சில கப்பல்களில் அதற்கும் முன்பே, மூடிவிடுவார்கள். குன்னூர் மலைப்பாதையில் மரம் விழுந்தது என்ற காரணம் அங்கே எடுபடாது.

ஆகவே மாதத்திலிருந்து தொடங்குங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அரபிக்கடல் கொந்தளிப்பதால் அந்தப் பக்கக் கப்பல் சுற்றுலா ஓய்ந்துவிடும். சென்னைக்கு அதுதான் சீசன். அந்த மாதங்களில் கூடலூர், பந்தலூர் பக்கம் மழை கொட்டும், ஆனால் குன்னூர், கோத்தகிரி வழியாக மேட்டுப்பாளையம் இறங்கும் கிழக்குச் சரிவு பெரும்பாலும் தப்பித்துவிடும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை நிலைமை நேர் எதிர். வடகிழக்குப் பருவமழையில் மண் சரிவது குன்னூர்–மேட்டுப்பாளையம் பாதையிலும் மலை ரயில் தடத்திலும்தான். வங்கக் கடலில் புயல் காலமும் அதுவே. கொச்சி சீசன் அக்டோபரில் தொடங்கினாலும், ஊட்டி, குன்னூர்க்காரர்களுக்கு ஜனவரி முதல் ஏப்ரல் வரைதான் நிம்மதி. கூடலூர்க்காரர்கள் நாடுகாணி, நிலம்பூர் வழியாகவே கேரளத்துக்கு இறங்கிவிடலாம் என்பதால் அவர்களுக்கு இந்தக் கவலை குறைவு. சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் கப்பல் உண்டு. மலாக்கா நீரிணையும் பெரும்பாலும் அமைதியாகவே இருக்கும்.

சென்னை. கார்டிலியா நிறுவனத்தின் எம்பிரஸ் கப்பல் 2022 ஜூனில் இங்கிருந்து ஓடத் தொடங்கியது. நடுக்கடல் வரை போய்த் திரும்பும் இரண்டு இரவுப் பயணமும் உண்டு, அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கையைத் தொடும் நீண்ட பயணமும் உண்டு. அட்டவணை ஆண்டுக்கு ஆண்டு மாறும். கப்பல் 1990இல் கட்டியது, சுமார் 48,500 ஜி.டி. (கிராஸ் டன்னேஜ், கப்பலின் மொத்த உள்ளளவைச் சொல்லும் அலகு). இன்றைய கணக்கில் இது சிறிய கப்பல், அலை தெரியும். இலங்கை போவதென்றால் பாஸ்போர்ட் வேண்டும், அதில் ஆறு மாதமாவது செல்லுபடி மிச்சம் இருக்க வேண்டும். இனிஷியல் வைத்து எழுதும் நம் பெயர்கள் இங்கேதான் சிக்கும். ஆதாரில் ‘கே’ என்று இருப்பது பாஸ்போர்ட்டில் தகப்பனாரின் முழுப் பெயராக விரிந்திருக்கும். டிக்கெட்டில் எழுதுவது பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும்.

மேட்டுப்பாளையத்தில் இரவு நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் சென்ட்ரல், அங்கிருந்து துறைமுகம் சில கிலோமீட்டர். மதியம் செக்-இன். கணக்கு அழகாக வருகிறது. ஆனாலும் ஒரு நாள் முன்னதாகவே ரயில் ஏறுவது நல்லது. முடியாது என்றால், மதியத்துக்குள் மேட்டுப்பாளையம் இறங்கி அங்கே காத்திருங்கள். ஊட்டியில் இரண்டு மணிக்குக் கிளம்பும் மலை ரயிலை நம்ப வேண்டாம், மழை வந்தால் முதலில் ரத்தாவது அதுதான். கோவையிலிருந்து டாக்சியை மேலே வரச் சொன்னால் அதற்கு ஈ-பாஸ் வேண்டும், நீலகிரிப் பதிவெண்ணான டி.என். 43 வண்டியைப் பேசினால் அந்தத் தொல்லை இல்லை. ஏப்ரல், மே சீசனில் ஒருவழிப் பாதை அமலில் இருக்கும்போது கோத்தகிரி வழியாகத்தான் இறங்க விடுவார்கள். குன்னூர்க்காரர்கள் அந்தச் சுற்று நேரத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கொச்சி. லட்சத்தீவு நிர்வாகம் நடத்தும் ‘சமுத்ரம்’ சுற்றுலா எம்.வி. கவரத்தி கப்பலில், ஐந்து நாள்: கவரத்தி, கல்பேனி, மினிக்காய். பகலில் தீவு, இரவில் கப்பல். நீச்சல் குளம், நடன அரங்கம் என்று எதிர்பார்த்து ஏறுகிறவர்கள் ஏமாறுவார்கள். இது எழுநூறு பேர் போகும் பயணிகள் கப்பல். தீவுவாசிகளும் அரிசி மூட்டையுமாகத்தான் போகும். கடலையும் பவளத் திட்டையும் பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு மூன்றிலும் இதற்கு ஈடில்லை. பாஸ்போர்ட் வேண்டாம், ஆனால் நுழைவு அனுமதி கட்டாயம். அது கைக்கு வருவதற்கு முன் கோவை–கொச்சி டிக்கெட் எடுக்காதீர்கள்.

பெரிய சங்கடம் ஒன்று உண்டு. பல தீவுகளில் கப்பல் கரையை ஒட்டாது. பவளத் திட்டுக்கு வெளியே நிற்கும், படகு பக்கத்தில் வரும், அலையில் அது ஏறி இறங்கும்போது காலை எடுத்து வைக்க வேண்டும். முழங்கால் தேய்ந்த அம்மா அப்பாவை அழைத்துப் போகிறவர்கள் இதை யோசிக்காமல் பணம் கட்டக் கூடாது.

சிங்கப்பூர். கோவையிலிருந்து நேரடி விமானம் இருப்பதால் சென்னை போவதைவிட இது சுளுவாகத் தோன்றும். கப்பல்களும் பெரியவை, கெண்டிங் டிரீம் சுமார் 1,50,000 ஜி.டி. ஆட்டம் குறைவு, இந்தியச் சாப்பாடும் கிடைக்கும். செலவுதான் மறைந்திருக்கிறது. விளம்பர விலை ஓர் அறையில் இருவர் தங்கும் கணக்கில் தலைக்கு. தனியாகப் போனால் ஏறக்குறைய இரட்டிப்பு. துறைமுகக் கட்டணம், ஒவ்வொரு இரவுக்கும் தலைக்குச் சேவைக் கட்டணம், வைஃபை, கரையில் சுற்றுலா எல்லாம் தனி. இங்கே முகவரிடம் பணம் கட்டும்போது டி.சி.எஸ். என்ற முன்கூட்டிய வரியைப் பிடிப்பார்கள்; வருமான வரிக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளலாம் என்பதால் ரசீதை வைத்திருங்கள். சிங்கப்பூர் விசா பலமுறை நுழைவுக்கு உரியதா என்று பாருங்கள். பினாங்கோ புக்கெட்டோ போய்த் திரும்பி இறங்குவது இரண்டாவது நுழைவு. இணையவழி வருகை அட்டையையும் அப்போது மறுபடி நிரப்ப வேண்டும்.

அறை விஷயத்தில் மூன்று இடத்துக்கும் ஒரே விதி. கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் ஆட்டம் குறைவு. முன்முனையும் மேல்தளமும் ஊஞ்சல் மாதிரி. கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் தலை சுற்றுகிறவர்கள் பால்கனிக்குக் கொடுக்கும் பணத்தை மிச்சம் பிடித்து நடு அறையை எடுக்கலாம். ‘அறை எண் பிறகு தரப்படும்’ என்ற மலிவு டிக்கெட்டில் அந்தத் தேர்வு உங்கள் கையில் இல்லை. வாந்தி மாத்திரையை அலை தொடங்கிய பிறகு போட்டால் பயனில்லை, கப்பல் கிளம்புவதற்கு முன்பே போட வேண்டும். கண் அழுத்த நோய், புராஸ்டேட் தொல்லை உள்ள பெரியவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளட்டும். நால்வர் அறை என்றால் இருவருக்கு ஏணி வைத்த மேல்படுக்கை என்பதையும் மறக்க வேண்டாம்.

கெட்டில், ரைஸ் குக்கர், அயர்ன் பாக்ஸ் ஆகியவை சோதனையில் பறிபோய்ப் பயணம் முடிந்துதான் திரும்பி வரும். பெரிய பெட்டி அறைக்கு வரச் சில மணி நேரமாகும். மாத்திரை, பாஸ்போர்ட், ஒரு மாற்றுடை கைப்பையில் இருக்கட்டும். கப்பலில் ஏறியதும் போனை ஏரோபிளேன் மோடுக்கு மாற்றிவிடுங்கள், கப்பலின் சொந்த செல்போன் இணைப்பு ரோமிங் கட்டணத்தில் ஓடும். பெரும்பாலான நிறுவனங்கள் 24 வாரம் தொட்ட கர்ப்பிணிகளையும் ஆறு மாதம் நிறையாத குழந்தைகளையும் ஏற்றுவதில்லை.

வயதானவர்களோடு போகும் குடும்பத்துக்குச் செலவு கட்டுப்படியானால் சிங்கப்பூர்தான். கட்டுப்படியாகாது என்றால் ஆகஸ்டில் சென்னை, இரண்டு இரவு மட்டும். கால் திடமாக உள்ள இளையவர்கள் பிப்ரவரியில் கொச்சி போகலாம். எங்கே போனாலும் இறங்கும் நாளில் காலை விமானம் வேண்டாம். குடியேற்றச் சோதனையும் பெட்டி எடுப்பதும் முடிய மதியமாகிவிடும். சென்னையில் இறங்கினால் அன்றிரவே நீலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்து மறுநாள் வெளிச்சத்தில் மலை ஏறுவது வசதி.