வேனா, மோட்டார் ஹோமா, ஃபிஃப்த் வீலா: ஆர்வியிலேயே குடியிருக்க எது தோது?

நாங்கள் குடியிருந்த வண்டி வீடான மோட்டார் ஹோமின் கியர்பாக்ஸ் நியூ மெக்சிகோவில், டூகம்கேரி ஊருக்குச் சற்று முன்னால், ஐ-40 நெடுஞ்சாலையில் கைவிட்டது. வண்டியை இழுத்துப் போய் ஒரு ஒர்க்‌ஷாப்பில் சேர்த்தார்கள். சாயங்காலம் ஷட்டரை இறக்கும் நேரத்தில், ராத்திரி உள்ளே யாரும் தங்கக் கூடாது, இன்சூரன்ஸ் ஒத்துக்கொள்ளாது என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அரிசி, பருப்பு, மகளின் பாடப் புத்தகங்கள், நான் வேலை பார்க்கும் மானிட்டர், மாற்றுத் துணி எல்லாம் அந்த ஷட்டருக்குள்ளே இருந்தன. மூன்று பையை மட்டும் தூக்கிக்கொண்டு போய் பதினொரு நாள் மோட்டலில் இருந்தோம்.

இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் வீட்டை விற்றுவிட்டோ வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டோ ஆர்வியில் (படுக்கை, சமையல், கழிப்பறையோடு சக்கரத்தில் உருளும் வீடு) குடியேற நினைக்கிற நம் ஆட்கள் என்னிடம் கேட்பதெல்லாம் மைலேஜ் எவ்வளவு, ஓட்டுவது கஷ்டமா, எங்கே நிறுத்துவீர்கள் என்பதுதான். விடுமுறைக்குப் போகிறவருக்கு அந்தக் கேள்விகள் போதும். குடியிருக்கப் போகிறவர் வேறு ஒன்றைக் கேட்க வேண்டும்: வருஷத்தில் எத்தனை நாள் இந்த வண்டி ஓடும், எத்தனை நாள் நிற்கும்? நாங்கள் நாலு வருஷமாக இப்படி வாழ்கிறோம். முதல் ஒன்றரை வருஷம் கிளாஸ் சி மோட்டார் ஹோம், அதன் பிறகு ஃபிஃப்த் வீல். எந்த வருஷத்திலும் வீடு உருண்ட நாட்கள் நாற்பதைத் தாண்டியதில்லை.

வகைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிளாஸ் பி என்பது ஃபோர்டு டிரான்சிட், ராம் புரோமாஸ்டர், மெர்சிடிஸ் ஸ்பிரிண்டர் மாதிரியான வேனுக்குள்ளேயே கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் அடக்கியது. கிளாஸ் சி அதே மாதிரி வேன் அடித்தளத்தில், டிரைவர் தலைக்கு மேலே ஒரு படுக்கை நீட்டிக்கொண்டிருக்கும் பெட்டி வீடு. கிளாஸ் ஏ பஸ் மாதிரி இருக்கும். பெட்ரோலில் ஓடுவது உண்டு, பின்பக்கம் டீசல் எஞ்சின் வைத்த பெரியதும் உண்டு. இவை எல்லாம் தானே ஓடும், இதில் சி-யையும் ஏ-யையும்தான் மோட்டார் ஹோம் என்கிறேன். டிராவல் டிரெய்லரும் ஃபிஃப்த் வீலும் தானே ஓடாது. டிராவல் டிரெய்லரை வண்டியின் பின் பம்பருக்குக் கீழே மாட்டி இழுப்பார்கள். ஃபிஃப்த் வீலின் கழுத்து பிக்கப் டிரக்கின் பின்பெட்டிக்குள் வந்து, பின்அச்சுக்கு மேலேயே உட்காரும். அதனால்தான் காற்றில் அது குறைவாக ஆடுகிறது. வயோமிங்கில் லாராமிக்கும் ராலின்ஸுக்கும் இடையே ஐ-80-இல் அடிக்கும் காற்றில் ஓட்டியவர்களுக்கு இந்த வித்தியாசம் புரியும்.

வேனைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் உண்டு. ஒரே ஆள், மூன்று நாளுக்கு ஒரு முறை இடம் மாறுகிறவர் என்றால் அதைவிடச் சிறந்தது கிடையாது. கடை வாசலில் சாதாரண காரை விடுகிற இடத்திலேயே நிறுத்தலாம், கேலனுக்குப் பதினைந்து மைலுக்கு மேல் கொடுக்கும். மொன்டானாவில் கிளேசியர் தேசியப் பூங்காவின் கோயிங்-டு-த-சன் சாலையில், மலையேறும் பகுதியில், 21 அடிக்கு மேல் நீளமான வண்டியை விட மாட்டார்கள். இருபது அடிக்குள் அடங்கும் வேன் அங்கே போகும். எங்கள் நீளப் பெட்டி டிரக் 22 அடி, டிரெய்லரைக் கழற்றி விட்ட பிறகும் அந்தச் சாலையில் போக முடியவில்லை, ஷட்டில் பஸ்ஸில்தான் போய் வந்தோம். ஆனால் வேனில் நல்ல தண்ணீர் டேங்க் பெரும்பாலும் நூறு லிட்டர் சுற்றில்தான். நம் சமையல் செய்கிறவருக்கு அரிசி களைய, குக்கர் கழுவ, குழம்புப் பாத்திரம் தேய்க்க என்று அது ரெண்டு நாளில் தீர்ந்துவிடும், குளியல் இன்னும் கணக்கில் வரவில்லை. அப்புறம் தாளிப்பு. கடுகும் மிளகாயும் வெடித்த நெடி தலையணை உறையில் ஏறி மறுநாளும் இருக்கும். இரண்டு பேர் ஒரு மழை வாரம் முழுக்க உள்ளேயே இருந்து, அதில் ஒருவர் வீடியோ மீட்டிங்கில் பேசிக்கொண்டிருந்தால், இன்னொருவர் கட்டிலை விட்டு இறங்க இடமிருக்காது. புது வேன் ஆர்வி ஒரு லட்சம் டாலருக்குக் கீழே அரிது, இரண்டு லட்சத்தைத் தாண்டுவதும் உண்டு. அந்தக் காசுக்குக் கிடைக்கிற சதுர அடியைப் பார்த்தால் எனக்கு மனசு வராது.

உண்மையான போட்டி மோட்டார் ஹோமுக்கும் ஃபிஃப்த் வீலுக்கும்தான். இங்கேதான் நிறையப் பேர், நாங்களும் சேர்த்து, தவறான பக்கம் சாய்கிறோம். மோட்டார் ஹோமில் ஏறி உட்கார்ந்தால் முன்னால் பெரிய கண்ணாடி, உயரமான சீட்டு, சாவியைத் திருப்பினால் வீடே கிளம்புகிறது. மழையில் இறங்க வேண்டாம், ஹிட்ச் என்னும் இழுவைக் கொக்கியை மாட்ட வேண்டாம், நிறுத்தினால் ஒரு பொத்தானில் லெவல் ஆகிவிடும். அடிக்கடி இடம் மாறுகிறவருக்கு இது பெரிய சௌகரியம், மறுக்கவே முடியாது. ஃபிஃப்த் வீலை மாட்டிக் கழற்ற எங்களுக்கு இன்றும் முக்கால் மணி நேரம் ஆகிறது, பின்னுக்கு எடுக்கும்போது மனைவி பின்னால் நின்று கைகாட்டாமல் நான் ஒரு அடி நகர்த்த மாட்டேன்.

ஆனால் மோட்டார் ஹோம் நின்ற பிறகு என்ன ஆகிறது? பால் வாங்க வேண்டும் என்றால் தண்ணீர்க் குழாய், கழிவுக் குழாய், கரண்ட் கேபிள் எல்லாவற்றையும் கழற்றி, நிறுத்திய பிறகு வெளியே நீட்டிவிடும் அறைப் பகுதிகளான ஸ்லைடுகளை உள்ளே இழுத்து, வீட்டையே கடைக்கு ஓட்ட வேண்டும். அதனால் எல்லோரும் பின்னால் ஒரு சின்னக் காரை நான்கு சக்கரமும் தரையில் உருள இழுத்துப் போகிறார்கள். அந்தக் காருக்கு இழுவைக் கம்பி, தனி பிரேக் ஏற்பாடு, இன்சூரன்ஸ், டயர். ஆக இரண்டு எஞ்சின், அதில் பெரிய எஞ்சின் வருஷத்தில் முந்நூறு நாளுக்கு மேல் சும்மா நிற்கிறது. நிற்கிற டயரும் கெடும். தேய்மானமே இல்லாமல் பளபளப்பாக இருந்தாலும் ஆறேழு வருஷத்தில் மாற்றித்தான் ஆக வேண்டும். டயர் பக்கவாட்டில் உள்ள கடைசி நான்கு எண்கள் எந்த வாரம், எந்த வருஷம் தயாரானது என்று சொல்லும். பழைய ஆர்வி வாங்கப் போனால் முதலில் அதைக் குனிந்து பாருங்கள்.

ஃபிஃப்த் வீலில் வீடும் எஞ்சினும் வேறு வேறு. டிரக் கெட்டால் டிரக் மட்டும் ஒர்க்‌ஷாப்புக்குப் போகும், நாங்கள் வீட்டில் இருப்போம். போன வருஷம் டீசல் பம்ப் போய் எட்டு நாள் டிரக் இல்லை. வாடகைக் கார் எடுத்தோம், மகள் தன் மேசையிலேயே உட்கார்ந்து படித்தாள், அவ்வளவுதான். டிரெய்லர் பழசானால் டிரக்கை வைத்துக்கொண்டு வேறு டிரெய்லர் வாங்கலாம். உள்ளே நிமிர்ந்து நடக்கலாம், ஸ்லைடுகள் திறந்தால் ஒரு ஹாலுக்குள் நிற்கிற உணர்வு வரும், படுக்கையறைக்கு இரண்டு மூன்று படி ஏறிக் கதவைச் சாத்தலாம். சாத்துவதற்கு ஒரு கதவு இருப்பது குடும்பத்துக்கு எவ்வளவு முக்கியம் என்று முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும்.

கரண்டிலும் ஒரு வித்தியாசம் உண்டு. பல வேன்களுக்கும் சின்ன கிளாஸ் சி-க்களுக்கும் 30 ஆம்பியர் இணைப்பு, அதாவது 3,600 வாட். ஏசி ஓடும்போது இண்டக்‌ஷன் அடுப்பும் தண்ணீர் ஹீட்டரும் சேர்ந்தால் பிரேக்கர் விழுந்துவிடும். பெரிய ஃபிஃப்த் வீலும் கிளாஸ் ஏ-யும் 50 ஆம்பியர். பெயரில் இருபதுதான் வித்தியாசம், ஆனால் அதில் இரண்டு லைன் வருவதால் கிடைப்பது 12,000 வாட். அரிசோனா வெயிலில் இரண்டு ஏசியும் ஓட, மனைவி தோசை வார்க்க, நான் வேலை பார்க்க, ஒன்றும் விழுவதில்லை.

சரி, ஃபிஃப்த் வீலில் ஏமாந்துபோகிற இடம் எங்கே இருக்கிறது? டிரக்கில். விற்பனையாளர் டிரெய்லரைக் காட்டி, உங்கள் டிரக் இதைத் தாராளமாக இழுக்கும் என்பார். இழுக்கும்தான். ஆனால் டிரெய்லரின் எடையில் 20 முதல் 25 சதவீதம் வரை டிரக்கின் முதுகில் இறங்குகிறது. டிரெய்லர் 14,000 பவுண்டு என்றால் முதுகில் 2,800 முதல் 3,500 பவுண்டு. டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் ஓரத்தில் மஞ்சள் ஸ்டிக்கர் ஒன்று இருக்கும், ஆட்களும் சாமானும் சேர்த்து எவ்வளவு ஏற்றலாம் என்று. ஃபோர்டு எஃப்-250 ரக டீசல் டிரக்குகள் பலவற்றில் அந்த எண் இரண்டாயிரத்துச் சொச்சம்தான். ஹிட்ச்சின் எடை, நான்கு பேர், பெட்டியில் உள்ள கருவிகள் எல்லாம் அதிலேயே கழியும். எனவே எஃப்-350 ரகம், முடிந்தால் பின்னால் இரட்டைச் சக்கரம். இந்த ஒரு எண்ணைப் பார்க்காமல் வாங்கி, அடுத்த வருஷமே டிரக்கை மாற்றிய மூன்று குடும்பங்களை எனக்குத் தெரியும். வாங்கிய பிறகு சாமான் எல்லாம் ஏற்றி, லாரிகள் நிற்கும் டிரக் ஸ்டாப்பில் கேட் (CAT) என்ற பெயரில் எடைமேடை இருக்கும், அதில் ஒரு தடவை நிறுத்திப் பாருங்கள்.

லைசென்ஸ் விஷயமும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிஃபோர்னியாவில் 15,000 பவுண்டுக்கு மேலான ஃபிஃப்த் வீலுக்கும், 40 அடிக்கு மேலான மோட்டார் ஹோமுக்கும் சாதாரண கார் லைசென்ஸ் செல்லாது, தனித் தேர்வு எழுத வேண்டும்.

எந்த வகையானாலும் பொதுவான தலைவலிகள் உண்டு. கூரையின் ஓரங்களில் உள்ள பசையை வருஷத்துக்கு இரண்டு முறையாவது ஏறிப் பார்க்க வேண்டும். ஆர்வியைக் கொல்வது தண்ணீர்க் கசிவுதான், வெளியே தெரியும்போது சுவருக்குள் பலகை ஊறிப்போயிருக்கும். வாரண்டிக் காகிதத்தையும் கண்ணாடி போட்டுப் படியுங்கள். முழுநேரக் குடியிருப்புக்குப் பயன்படுத்தினால் செல்லாது என்று பல கம்பெனிகள் எழுதி வைத்திருக்கின்றன. குளிர்காலமும் அப்படித்தான்: ஹீட்டருக்கு எரிக்கும் புரோபேன் வாயு ஒரு கேலனில் இருக்கும் வெப்பம் சுமார் 91,500 பிடியு (வெப்ப அளவு), மணிக்கு, 30,000 பிடியு ஹீட்டர் விடாமல் எரிந்தால் மூன்று மணி நேரத்தில் அது தீரும். அதனால்தான் நவம்பரில் இருந்தே வண்டிகள் தெற்கே இறங்கி அரிசோனாவின் குவார்ட்சைட், யூமா பக்கம் குவிகின்றன.

எங்கள் தேர்வு ஃபிஃப்த் வீல், மறுபடி வாங்கினாலும் அதுவேதான். ரிட்டயரான தம்பதி, கையில் நல்ல பணம், வாரம் ஒரு ஊர் என்று சுற்றுபவர்கள் என்றால் பின்எஞ்சின் டீசல் கிளாஸ் ஏ வாங்கட்டும், ஒர்க்‌ஷாப் நாட்களுக்கு மோட்டல் செலவைத் தனியாக ஒதுக்கிவிட்டு. குழந்தை உள்ளவர்களுக்கு கிளாஸ் சி-யை நான் சிபாரிசு செய்யவே மாட்டேன். பணம் குறைவு என்றால் நல்ல நிலையில் உள்ள பழைய டிராவல் டிரெய்லர் அதைவிட மேல். வாங்கும் முன் அந்தந்த வகையில் ஒன்றை ஜனவரி மாதம் ஒரு வாரம் வாடகைக்கு எடுத்து, உள்ளேயே மூன்று வேளையும் சமைத்து, துணி உலர்த்திப் பாருங்கள்.

எச்-1பி விசாவில் இருப்பவர்களுக்கு இன்னொன்று உண்டு. எந்த இடத்தில் இருந்து வேலை செய்கிறீர்கள் என்று சொல்லித்தான் அந்த விசாவே கிடைத்திருக்கிறது, அந்த நகரப் பகுதியை விட்டு வேலையிடம் மாறினால் கம்பெனி முதலில் புதிதாக மனு போட வேண்டும். வீட்டு விலாசம் மாறினாலும் பத்து நாளுக்குள் குடியேற்றத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். எனவே வாரம் ஒரு மாநிலத்தில் இருந்து லேப்டாப்பைத் திறக்கிற வேன் வாழ்க்கை இப்போதைக்கு உங்களுக்கு இல்லை. ஆனால் ஆஃபீஸ் இருக்கிற ஊரிலேயே ஒரு ஆர்வி பார்க்கில் மாத வாடகைக்கு ஃபிஃப்த் வீலை நிறுத்திக் குடியிருப்பதை யாரும் தடுக்கவில்லை. டல்லாஸ் பக்கம் நாங்கள் முதல் எட்டு மாதம் எங்கள் மோட்டார் ஹோமை அப்படி நிறுத்தித்தான் இருந்தோம். கிரீன் கார்டு கைக்கு வந்த மறுவாரம்தான் சக்கரத்துக்கு அடியில் இருந்த கட்டைகளை எடுத்தோம்.