மொடாஃபினில்: பகலைக் கொடுத்துவிட்டு இரவோடு தகராறு

"டாக்டர் மொடாஃபினில் 200 மி.கி. தொடங்கச் சொல்கிறார், எப்படி இருக்கும்?" என்று, பகலில் விழித்திருக்க உதவும் இந்த மாத்திரையைப் பற்றி நண்பர் கேட்டார். ஒரு வரியில் அடங்கும் பதில் இல்லை, அதனால் இது. எதற்குத் தருகிறார்கள் என்பது கேட்டவருக்கே தெரியும்: நார்கோலெப்ஸி (பகலில் அடக்க முடியாமல் தூக்கம் தள்ளும் நோய்), சிபாப் (தூக்கத்தில் தொண்டை அடைக்காமல் முகமூடி வழியாகக் காற்றைச் செலுத்தும் கருவி) போட்டும் தீராத பகல் தூக்கம், இரவு ஷிப்ட். அதற்குள் போகவில்லை. பல வருடப் பயன்பாட்டில் இன்னும் கடுப்பேற்றும் விஷயம் ஒன்றுதான்: இந்த மாத்திரையின் கடிகாரம்.

காலை 7 மணிக்கு விழுங்கினால் ரத்தத்தில் உச்சத்தைத் தொட 2 முதல் 4 மணி நேரம் ஆகும். சாப்பிட்டுவிட்டுப் போட்டால் இன்னும் ஒரு மணி நேரம் போல தள்ளிப்போகும்; உடம்பில் சேரும் மொத்த அளவு குறையாது, தாமதம்தான். ஆக, படுக்கையை விட்டு எழவே போராடுகிற ஆளுக்கு, எழுந்து முகம் கழுவி வேலையில் உட்கார்ந்த பிறகுதான் உதவி வந்து சேர்கிறது. மறுமுனை இன்னும் மோசம். பாதி அளவு வெளியேறவே சுமார் 15 மணி நேரம். 7 மணிக்குப் போட்டதில் பாதி, இரவு 10 மணிக்கும் உள்ளே உட்கார்ந்திருக்கிறது. மறந்துபோய் 11 மணிக்குப் போட்டால் அந்தப் பாதிக்கு விடியற்காலை 2 மணி. வரவேண்டிய நேரத்தில் வராது, கிளம்பவேண்டிய நேரத்தில் கிளம்பாது. சில விருந்தாளிகள் இப்படித்தான்.

இதைச் சமாளிக்க வேலை செய்கிற வழி, இரண்டு அலாரம். எழ வேண்டியது 7 மணிக்கு என்றால் முதல் அலாரம் 5:30. தலைமாட்டில் வைத்த மாத்திரையைத் தண்ணீரோடு விழுங்கிவிட்டு மறுபடி படுத்துவிடலாம். இரண்டாவது அலாரம் அடிக்கும்போது மருந்து வேலையைத் தொடங்கியிருக்கும். ஒரு எச்சரிக்கை: முழு அட்டையையும் தலைமாட்டில் வைக்கக் கூடாது. அரைத்தூக்கத்தில் போட்டோமா இல்லையா என்று குழம்பி இரண்டாவதையும் விழுங்கிவிட வாய்ப்பு உண்டு. ஒரே ஒரு மாத்திரையைச் சின்ன டப்பாவில் வையுங்கள். டப்பா காலி என்றால் போட்டாயிற்று. நண்பகல் தாண்டிவிட்டால் அன்றைக்கு விட்டுவிடுவதே மேல். அன்று வண்டி ஓட்ட வேண்டாம். ஷிப்ட்காரர்களுக்கு வேறு கணக்கு: வேலை தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பு.

இரவுத் தூக்கம் கெடுகிறது என்றால் முதலில் நேரத்தை முன்னே நகர்த்திப் பார்க்க வேண்டும், பிறகு 100 மி.கி.க்கு இறங்குவது பற்றி டாக்டரிடம் கேட்கலாம். அளவைக் கூட்டுவதில் பெரிய லாபம் இல்லை. 400 மி.கி.யைத் தாங்க முடிகிறது, ஆனால் 200-ஐவிடக் கூடுதல் பலன் தருகிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. ஆர்மொடாஃபினிலுக்கு மாறினால் சரியாகுமா என்று கேட்பார்கள். மொடாஃபினிலில் இருக்கும் இரண்டு வடிவங்களில் நீண்ட நேரம் தங்குவதை மட்டும் பிரித்தெடுத்ததுதான் அது. மாலை 4 மணிக்குச் சரிகிறவருக்கு நல்லது. இரவில் தூக்கம் வராதவருக்கு எரிகிற நெருப்பில் எண்ணெய்.

இவ்வளவு திட்டியாயிற்று, நியாயமும் பேச வேண்டும். எதிர்பாராத சந்தோஷம், மாத்திரை போட்டதே தெரியாமல் இருப்பது. அளவுக்கு மீறிய காபியின் படபடப்பு பெரும்பாலானவர்களுக்கு இருக்காது. மதியம் 2:30 மணிக்கு, இமை தானாக இறங்க வேண்டிய நேரத்தில், இறங்கவில்லை. அவ்வளவுதான் பலன், அது சின்ன விஷயம் இல்லை. பலன் இப்படி ஓசையில்லாமல் வருவதால் "ஒன்றும் செய்யவில்லை" என்று சிலர் நிறுத்திவிடுகிறார்கள். பகல் தூக்கத்தை அளக்கும் எப்வொர்த் அளவுகோலின் 8 கேள்விகளுக்குத் தொடங்கும் முன்பும் ஒரு மாதம் கழித்தும் மதிப்பெண் போட்டுப் பாருங்கள். மொத்தம் 24, 10-க்கு மேல் போனால் பகல் தூக்கம் அதிகம் என்று அர்த்தம்.

தலைவலிதான் அதிகம் பேர் சொல்லும் தொல்லை. பசியும் மந்தமாகும், மதியச் சாப்பாட்டை மறந்துவிட்டு மருந்தைத் திட்டுவதில் பயனில்லை. சிபாப் போடுகிறவர்கள் முகமூடியைத் தூக்கி வைத்துவிட்டு மாத்திரையை மட்டும் நம்புவது படுமுட்டாள்தனம்: தொண்டை அடைப்பதை இது தடுக்காது, அடைப்பால் வரும் பகல் தூக்கத்தை மட்டும் மறைக்கும். வெறும் 5 மணி நேரம் தூங்கிவிட்டுப் போடுவதும் இதே ரகம். சிரித்தால் முழங்கால் தளர்கிற கேட்டப்ளெக்ஸிக்கும் இதனால் பலன் இல்லை.

நிஜமாகவே கோபம் வருவது அடுத்ததற்கு. கருத்தடை மாத்திரையின் வீரியத்தை இது குறைக்கிறது. கல்லீரலில் அதிலுள்ள ஹார்மோனை உடைக்கும் நொதியைத் தூண்டிவிடுவதால். எடுக்கும் காலம் முழுவதும், நிறுத்திய பின் ஒரு மாதம் வரையும் வேறு முறை வேண்டும். கருவில் குறைபாடு பற்றிய எச்சரிக்கை இருக்கும் மருந்தில் இதை முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டாமா? பொடி எழுத்துத் தாளில் எங்கோ கிடக்கிறது. வார்ஃபரின், ஃபெனிடாய்ன், டயஸெபாம் எடுப்பவர்களும் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். ரத்த அழுத்தத்தை அவ்வப்போது பார்க்க வேண்டும். தோலில் தடிப்போ வாயில் புண்ணோ வந்தால் "நாளைக்குப் பார்ப்போம்" கிடையாது. அரிதாக உயிருக்கே ஆபத்தாகும். அடுத்த மாத்திரையைப் போடாமல் அன்றே டாக்டரிடம் போக வேண்டும்.

தீர்ப்பு? மதிப்பெண் போட்டால் பத்துக்கு எட்டு. ஆனாலும் நண்பரிடம் "தொடங்குங்கள்" என்று சொல்ல இன்றைக்கு மனம் வரவில்லை. நள்ளிரவு தாண்டியும் மின்விசிறியை எண்ணிக்கொண்டு கிடக்கும்போது அந்த எட்டு நினைவுக்கு வருவதில்லை. பிட்டோலிசன்ட் என்ற மாற்று மருந்தைப் பற்றியும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்கட்டும். இதைத்தான் தொடங்குவதென்றால், 100-இல் ஆரம்பிக்க முடியுமா என்று கேட்டுக்கொண்டு, வண்டி எடுக்க வேண்டாத ஒரு விடுமுறை நாளில், காலை 6 மணிக்கு.