ஹிரோஷிகேயின் நிலா: மறுஅச்சு வாங்கலாமா?

ஜப்பானிய மரப்பலகை அச்சு ஓவியர் ஹிரோஷிகேயின் 'எடோவின் (இன்றைய டோக்கியோ) நூறு புகழ்பெற்ற காட்சிகள்' வரிசையில் 1857-இல் வந்த கியோபாஷி மூங்கில்துறைப் படத்தின் மறுஅச்சு இது. புதிதாக மரப்பலகைகள் செதுக்கிக் கையால் அச்சிட்டது என்றார்கள். ஆஃப்செட் அச்சகத்தில் வேலை பார்ப்பவன் நான். பிரித்ததும் லென்ஸை வைத்துப் பார்த்தேன். மெஷின் அச்சில் தெரியும் புள்ளிகளே இல்லை. தாளின் பின்பக்கம் பாரென் (தாளைப் பலகைமேல் அழுத்தித் தேய்க்கும் வட்டமான கைக்கருவி) தேய்த்த தடங்கள் இருக்கின்றன. சரி, ஏமாற்று இல்லை.

ஆற்றங்கரையில் சுவர்போல நிற்கும் மூங்கில், வளைந்த பாலம், மேலே முழுநிலா. நிலாவுக்கு மையே கிடையாது, விட்ட இடம்தான் வெள்ளை. வானத்து நீலம் கரைகிற இடம்தான் எனக்கு அதிசயம். ஒவ்வொரு தாளுக்கும் பலகையில் நிறத்தைத் தூரிகையால் புதிதாக மங்கவிட வேண்டும். எங்கள் மெஷினில் இது ஒரு பட்டன் வேலை. ஆனால் நீலம் இப்படித் தாளுக்குள் இறங்காது. அப்புறம், பாலத்தில் போகிறவரின் விளக்கில் பலகை செதுக்கியவரின் பெயர்! ரொம்பப் பிடித்த குறும்பு.

கூடவே வந்த சட்டம் மட்டம். கண்ணாடி நேராகத் தாளைத் தொடுகிறது, மழைக்காலத்தில் ஒட்டிக்கொள்ளும். படத்தை மட்டும் வாங்கி, இடையில் அமிலமில்லாத அட்டை கொடுத்து வெளியே சட்டம் போடுங்கள். போஸ்டரோடு ஒப்பிட்டால் விலை அதிகம்தான். ஒவ்வொரு நிறத்துக்கும் தனியாக அச்சிட்டவரின் கூலி அதில் இருக்கிறது, நான் பேரம் பேசவில்லை.