படத்தில் குறையில்லை, வீட்டு வைஃபைதான் திணறுகிறது: ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கோடு நீண்ட நாள் புழக்கம்

விலை இறங்கியதும் "இந்த ஸ்டிக்கை வாங்கலாமா?" என்று நண்பர்கள் மறுபடியும் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். படத்தின் தரம், ஆப்கள், ரிமோட்டில் குரல் தேடல் எல்லாம் தெரிந்த சங்கதி. அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. பத்து வருடப் பழைய எச்டி டிவியையும் புதுசாக்கிக் காட்டிவிடுகிறது. ஆனால் புழங்கப் புழங்கத் தெரியவருவது வேறு ஒன்று. டிவியில் படம் ஓடும் நேரத்தில் வீட்டில் மற்ற எல்லோருக்கும் நெட் இழுக்கிறது. 100 எம்பிபிஎஸ் பிளான் இருக்கும், டிவியில் படம் தங்குதடையில்லாமல் ஓடும், பக்கத்து அறையில் வீடியோ கால் உறைந்து நிற்கும், யூபிஐயில் பணம் அனுப்பினால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

கஸ்டமர் கேரைக் கூப்பிட்டால் 200 எம்பிபிஎஸ் பிளானுக்கு மாறச் சொல்வார்கள். தயவுசெய்து மாறாதீர்கள். நெட்ஃபிளிக்ஸ் தன் பக்கத்திலேயே 1080பி படத்துக்கு 5 எம்பிபிஎஸ், 4கேக்கு 15 எம்பிபிஎஸ் போதும் என்று போட்டிருக்கிறது. 100ல் 5 போனால் 95 மிச்சம் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஃபைபர் லைனில் குறை இருக்க வாய்ப்பு குறைவு. பெரும்பாலும் அடைப்பு ரவுட்டருக்கும் டிவிக்கும் நடுவே காற்றில்தான் இருக்கிறது.

வைஃபையில் ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும். மற்றவை காத்திருக்கும். ஆகவே ஒரு கருவி எத்தனை எம்பி இழுக்கிறது என்பதைவிட, அதை இழுக்க எவ்வளவு நேரம் சேனலைப் பிடித்து வைத்திருக்கிறது என்பதே முக்கியம். ஒற்றைக் கவுன்ட்டரில் முன்னால் நிற்பவர் சில்லறையை எண்ணி எண்ணிக் கொடுத்தால், பின்னால் 500 ரூபாய் நோட்டோடு நிற்பவரும் காத்திருக்கத்தான் வேண்டும்.

இப்போது டிவிக்குப் பின்னால் எட்டிப் பாருங்கள். சுவரில் மாட்டிய டிவிக்கும் சுவருக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி. முன்பக்கம் பேனலின் உலோகத் தகடு, பின்பக்கம் சுவர், நடுவில் எச்டிஎம்ஐ போர்ட்டில் சொருகிய ஸ்டிக். ரவுட்டரோ வாசல் கதவுக்கு மேலே, கேபிள்காரர் ஃபைபரை உள்ளே கொண்டுவந்த மூலையில். நடுவில் ஒன்றிரண்டு கான்கிரீட் தூண்கள். இந்த நிலையில் ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் கிளையன்ட் பட்டியலை, அதாவது இணைந்துள்ள கருவிகளின் பட்டியலைத் திறந்து பார்த்தால் ஸ்டிக்கின் சிக்னல் மைனஸ் 78 டிபிஎம் (பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது), லிங்க் ரேட், அதாவது ரவுட்டரோடு அது பேசும் வேகம், 13 எம்பிபிஎஸ் என்று இருக்கும். 13 என்பது பெயருக்குத்தான், வைஃபையின் சொந்தத் தகவல் பரிமாற்றத்துக்குப் போக கையில் கிடைப்பது 8 எம்பிபிஎஸ் போல. வீட்டு ரவுட்டரில் வழக்கமாக 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைப் பேண்டுகள் இருக்கும். அந்த 8ல் 5 எம்பிபிஎஸ் படம் ஓடினால் 2.4 கிகாஹெர்ட்ஸ் சேனலின் நேரத்தில் 60 சதவீதத்துக்கு மேல் அந்த ஒரு ஸ்டிக்குக்கே போய்விடுகிறது. இதே ஸ்டிக் 65 எம்பிபிஎஸ் லிங்க்கில் நின்றால் 12, 13 சதவீதம்தான் ஆகும். 5 கிகாஹெர்ட்ஸில் 433 லிங்க் கிடைத்தால் இரண்டு மூன்று சதவீதத்தோடு முடிந்துவிடும். ஓடுவது அதே படம், அதே தரம்.

ஊகிக்க வேண்டாம், சோதித்துவிடலாம். ஸ்பீட் டெஸ்ட்டில் ஆரம்பிக்காதீர்கள், அது எங்கே அடைப்பு என்று சொல்லாது. ஒரு விண்டோஸ் லேப்டாப்பை ரவுட்டர் இருக்கும் அறையிலேயே 2.4ல் இணைத்து, கமாண்ட் விண்டோ இரண்டைத் திறந்து, ஒன்றில் ரவுட்டரின் முகவரியான 192.168.1.1க்கும் மற்றதில் வெளியே இருக்கும் கூகுள் சர்வரான 8.8.8.8க்கும் தொடர் பிங் விடுங்கள். பிங் என்பது ஒரு சின்ன பாக்கெட்டை அனுப்பி, பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளப்பது. அந்த ரவுட்டர் முகவரி சிலருக்கு 192.168.0.1 ஆக இருக்கும். டிவி ஓடாதபோது ரவுட்டர் பிங் 2, 3 மில்லிசெகண்ட். படத்தைப் போட்டதும் 3, 4, 180, 5, 410, பிறகு ஒரு டைம் அவுட் என்று தாறுமாறாக ஏறினால் அடைப்பு வைஃபையில். ரவுட்டர் பிங் அசையாமல் 3லேயே நின்று, 8.8.8.8 மட்டும் 200க்கு ஏறினால் லைனில். இரண்டும் நன்றாக இருந்து ஏதோ ஒரு தளம் மட்டும் மெதுவென்றால் ஸ்டிக்கை விட்டுவிடுங்கள், அது தளத்தின் பெயரை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் விவகாரமாகவோ அந்தத் தளத்தின் கோளாறாகவோ இருக்கும்.

கடைசியில் ஸ்டிக்கின் பவர் வயரைப் பிடுங்கிப் பாருங்கள். ரிமோட்டில் அணைத்தால் அது உறங்குமே தவிர நெட்டை விடாது. வயரைப் பிடுங்கிய பத்து நொடியில் பிங் சீரானால் சந்தேகம் தீர்ந்தது.

முதல் வைத்தியம் செலவில்லாதது. பெட்டியோடு வரும் குட்டி எச்டிஎம்ஐ நீட்டிப்பு வயரை யாரும் போடுவதில்லை. அதைப் போட்டு, ஸ்டிக் டிவியின் ஓரத்துக்கு வெளியே எட்டிப் பார்க்கும்படி தொங்கவிடுங்கள். என்னிடம் உள்ளதில் இது ஒன்றே மைனஸ் 78ஐ மைனஸ் 70க்குக் கொண்டுவந்தது. பவரை டிவியின் யூஎஸ்பி போர்ட்டிலிருந்து எடுக்க வேண்டாம், யூஎஸ்பி 2.0 போர்ட் தருவது அரை ஆம்பியர்தான். கூட வந்த 5 வோல்ட் அடாப்டரை நேராகப் பிளக்கில் சொருகுங்கள். டிவியின் நீலநிற யூஎஸ்பி 3.0 போர்ட்டில் பென் டிரைவோ ஹார்டு டிஸ்க்கோ நிரந்தரமாக இருந்தால் அதையும் கழற்றிப் பாருங்கள். யூஎஸ்பி 3.0 ஓடும்போது எழும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸிலேயே விழுகிறது, இன்டெல் 2012லேயே இதை அளந்து வெளியிட்டது.

அடுத்தது 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுவது. எனக்குத் தாங்க முடியாத எரிச்சல் இங்கேதான்.

மாற்றினால் அருமையாக ஓடும். கரண்ட் போய் வரட்டும், ஸ்டிக் மறுபடி 2.4ல் போய் உட்கார்ந்துகொள்ளும். காரணம் இதுதான். இரண்டு பேண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால், கரண்ட் வந்ததும் ரவுட்டரில் 2.4 முதலில் எழுகிறது. 5 கிகாஹெர்ட்ஸ் ரேடார் பகிரும் சேனல்களில், அதாவது 52லிருந்து 144 வரை உள்ளவற்றில் இருந்தால், ரேடார் இருக்கிறதா என்று குறைந்தது 60 நொடி காது கொடுத்துக் கேட்ட பிறகுதான் ஒலிபரப்பத் தொடங்கும். அதற்குள் ஸ்டிக் பூட் ஆகி, கண்ணில் பட்ட 2.4ஐப் பிடித்துவிடுகிறது. பிடித்த பிறகு, பக்கத்திலேயே பல மடங்கு வேகமான வழி திறந்தாலும் தானாக மாறுவதில்லை. ஒரு நாளைக்கு இரண்டு முறை கரண்ட் போகும் வட்டாரத்தில் இது சின்னக் குறை இல்லை. மென்பொருளில் "5 கிகாஹெர்ட்ஸ் மட்டும்" என்று ஒரு சுவிட்ச் வைத்தால் தீர்ந்தது, இத்தனை அப்டேட் வந்தும் அதை வைக்கவில்லை. கோபம் வருவது நியாயம்தான்.

நம் கையில் உள்ள வழி: ரவுட்டரில் இரண்டு பேண்டுக்கும் வேறு வேறு பெயர் வையுங்கள். ஸ்டிக்கில் 2.4ன் பெயரை மறக்கச் செய்யுங்கள், பாஸ்வேர்டு தெரியாவிட்டால் அது அங்கே போகவே முடியாது. 5 கிகாஹெர்ட்ஸ் சேனலை ஆட்டோவில் விடாமல் 36 முதல் 48க்குள்ளோ 149 முதல் 161க்குள்ளோ நிறுத்துங்கள். ரேடார் சேனல்களைச் சில ஸ்டிக்குகள் பார்ப்பதே இல்லை, "5ஜி பெயர் (5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையின் பெயர்) லிஸ்ட்டிலேயே வரவில்லை" என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர் வாங்கி வந்த ஸ்டிக் என்றால் இன்னொரு சிக்கல்: 2.4ல் ரவுட்டர் 12 அல்லது 13ஆம் சேனலில் இருந்தால் அதற்குத் தெரியாது. 1, 6, 11 மூன்றில் ஒன்றில் வையுங்கள், அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். அடுக்குமாடியில் 40 வைத்தால் அக்கம்பக்கத்து வைஃபை எல்லாவற்றோடும் மோதும்.

ரவுட்டரின் 2.4 செட்டிங்ஸில் "பி/ஜி/என்" என்று இருக்கும் மோடை "ஜி/என்" ஆக்குங்கள். இவை வைஃபையின் தலைமுறைகள், பி தான் பழசு. ஸ்டிக்கும் போனும் ஒன்றையொன்று தேடிக்கொள்ள அனுப்பும் மல்ட்டிகாஸ்ட் (ஒரே நேரத்தில் பல கருவிகளுக்குப் போகும்) பாக்கெட்டுகளை ரவுட்டர் எல்லோருக்கும் கேட்கும்படி அடிமட்ட வேகத்தில் அனுப்புகிறது. பி மோடு திறந்திருந்தால் அந்த வேகம் 1 எம்பிபிஎஸ் வரை இறங்கும், மூடினால் 6. ரொம்பப் பழைய பிரின்டர் மட்டும் அறுந்து போகலாம். இந்தத் தேடல் பாக்கெட்டுகளை அற்பமாக நினைக்க வேண்டாம். 2018 ஜனவரியில் குரோம்காஸ்ட், கூகுள் ஹோம் கருவிகள் ஊரெங்கும் ரவுட்டர்களைச் சாய்த்தது இதனால்தான். 20 நொடிக்கு ஒருமுறை போக வேண்டிய பாக்கெட், கருவி உறங்கி எழுந்ததும் விட்டுப்போனதையெல்லாம் சேர்த்து ஒரே மூச்சில் போனது. அந்த எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டக்கூடும் என்று டிபி-லிங்க் விளக்கியது. கூகுள் அதே மாதம் திருத்தம் அனுப்பியது. ஆகவே ஸ்டிக், ரவுட்டர் இரண்டின் அப்டேட்டையும் தள்ளிப்போடாதீர்கள். முகப்பில் தானாக ஓடும் டிரெய்லர்களையும், ஸ்கிரீன்சேவர் படங்களையும் அணைத்துவிடுங்கள், யாரும் பார்க்காத நேரத்திலும் அவை இழுத்துக்கொண்டே இருக்கும்.

பிங் சோதனையில் லைன்தான் குற்றவாளி என்று வந்தால் கதை வேறு. 30, 40 எம்பிபிஎஸ் பிளான்களில் இது அதிகம். ஸ்ட்ரீமிங் ஆப்கள் படத்தைச் சீராக இழுப்பதில்லை, சில நொடிக்கான துண்டை லைனின் முழு வேகத்தில் விழுங்கிவிட்டு ஓய்வெடுக்கும், பிறகு மறுபடி. விழுங்கும் அந்த நொடிகளில் ரவுட்டரின் வரிசை நிரம்பி, கேமும் காலும் பின்னால் நிற்கும். ஃபாஸ்ட் டாட் காமில் கூடுதல் விவரத்தைத் திறந்தால் சுமையில்லாத லேட்டன்சி, சுமையுள்ள லேட்டன்சி (பதில் வர ஆகும் மில்லிசெகண்ட்) இரண்டும் தெரியும். முதலாவது 8, இரண்டாவது 250 என்றால் இதுதான். ரவுட்டரில் வரிசை நிரம்பாமல் பார்த்துக்கொள்ளும் எஸ்க்யூஎம் வசதி இருந்தால் நிஜ வேகத்தில் 85 முதல் 90 சதவீதத்துக்கு வரம்பு போடுங்கள், 40 கிடைக்கிறதென்றால் 35. ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச மென்பொருள் ஓடும் ரவுட்டரில் எஸ்க்யூஎம்முக்குக் கேக் என்ற முறையைத் தேர்ந்தெடுங்கள். ஆபரேட்டர் தந்த ரவுட்டரில் பெரும்பாலும் எஸ்க்யூஎம் இருக்காது. ஸ்டிக்குக்கு மட்டும் 10 எம்பிபிஎஸ் என்று வரம்பு வைக்க முடிகிறதா என்று பாருங்கள், 1080பிக்கு அது தாராளம்.

இத்தனையும் வேண்டாம், ஒரே வேலையில் முடிய வேண்டும் என்றால் லேன் வயர். கேட் 5இ போதும், கேட் 6 கிடைத்தால் நல்லது. 15 மீட்டர் வயரைச் சுவரோரம் கிளிப் அடித்து இழுத்துவிட்டால், அந்த ஸ்டிக் வைஃபையிலிருந்தே விலகிவிடும். ஸ்டிக்குக்கான ஈதர்நெட் அடாப்டர்களில் பல 100 எம்பிபிஎஸ்தான், அதற்காகத் தயங்க வேண்டாம், 4கேக்கே 15 போதும். வயரில் ஒரே ஒரு எச்சரிக்கை. சில அடாப்டர்களும் சில டிவிகளும் ஸ்டாண்ட்பைக்குப் போனதும் "நிறுத்து" என்று சொல்லும் பாஸ் (pause) ஃப்ரேம்களைப் பொழிய ஆரம்பிக்கும், லேன் வயர்களை இணைக்கும் மலிவான சுவிட்ச் பெட்டி அதை நம்பி மொத்தமாக நின்றுவிடும். ராத்திரி டிவியை அணைத்தபின் வீட்டு நெட்டே செத்து, அந்த ஒரு வயரைப் பிடுங்கியதும் உயிர் வந்தால் காரணம் இதுதான். இந்த "நிறுத்து"க்குக் கீழ்ப்படியும் ஃப்ளோ கன்ட்ரோலை அணைக்க முடிந்த சுவிட்ச்சுக்கு மாறுங்கள், இல்லை அடாப்டரை மாற்றுங்கள்.

என் ஸ்டிக்கை இப்போது வயரில் போட்டாகிவிட்டது, வீட்டில் யாருக்கும் இழுப்பதில்லை, படம் முதல் நாள் போலவே அருமை. இருந்தும், வாங்கலாமா என்று கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். கரண்ட் போய் வரும்போதெல்லாம் நல்ல பேண்டை விட்டுவிட்டுக் கெட்டதைப் பிடிக்கும் கருவிக்கு விலை குறைந்தது ஒரு காரணமாக இருக்கக் கூடாது. ஈதர்நெட் அடாப்டர், லேன் வயர் என்று சேர்த்துக்கொண்டே போனால், லேன் போர்ட் உடம்பிலேயே உள்ள ஸ்ட்ரீமிங் பெட்டியின் விலைக்குப் பக்கத்தில் வந்துவிடும். அதை வாங்குங்கள். வாங்கும் முன் ஆபரேட்டர் தந்த ரவுட்டரைத் திருப்பி, அடியில் ஒட்டிய லேபிளைப் பாருங்கள். அதில் 2.4 மட்டும் போட்டிருந்தால் முதலில் மாற்ற வேண்டியது ரவுட்டரைத்தான்.